ஆணி குத்தியதற்குப் போட்ட ஏற்பூசி, கர்ப்பக் கணக்கில் சேருமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 29 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறோம். தலைப்பிள்ளை, இப்போது 22 கிழமை. நான்கு நாளைக்கு முன் மாட்டுப்பட்டி துப்பரவாக்கும்போது துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டார்கள். கிளினிக்கிலும் போட வேண்டும் என்கிறா மருத்துவமாது. இத்தனை ஊசி பிள்ளைக்குக் கூடாது என்று மாமி பயப்படுகிறா. கனடாவில் இருக்கிற அக்கா குக்கல் (கக்குவான் இருமல்) ஊசியும் போடச் சொல்கிறா. சின்ன வயதில் போட்ட ஊசிகளின் அட்டை 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் போட்டது ஒரு ஊசியா, இரண்டா?

ஏன் கேட்கிறேன் என்றால், துருவால் ஏற்பு வருவதில்லை. சாணமும் மண்ணும் கலந்த இடத்தில் ஏற்புக் கிருமியின் வித்துகள் ஆண்டுக்கணக்காய் உயிரோடு கிடக்கும். காற்றுப் படாத ஆழமான துளைதான் அவற்றுக்கு வசதி. வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஒரு அங்குலம். உங்களுடையது அப்படிப்பட்ட காயம். அட்டை இல்லாதவருக்கு முன்பு ஊசி போடவில்லை என்றே நாங்கள் கணக்கெடுப்போம். வன்னியில் உங்கள் வயதுக்காரர் பலருக்கு இதே நிலைதான். முன்பு போடாத ஒருவருக்கு முதல் ஏற்பூசி உடனே காவல் தராது, எதிர்ப்புச் சக்தி உண்டாக நாளெடுக்கும். அதனால் இப்படியான அழுக்குக் காயத்துக்கு, ஆயத்தமான எதிர்ப்புச் சக்தியைத் தரும் இம்யூனோகுளோபுலினும் வேறோர் இடத்தில் போடுவது முறை. கர்ப்பத்தில் போடலாம். அது போடாவிட்டால், இதை வாசித்தவுடன் ஆஸ்பத்திரியில் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். காயம்பட்டு 24 மணித்தியாலம் தாண்டினால் பிரயோசனமில்லை என்று சொல்வார்கள், அது சரியில்லை. நோய் தெரியவே பெரும்பாலும் 3 முதல் 21 நாள் எடுக்கும். அந்த நாட்களுக்குள் வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, இரவென்றும் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயத்தில் கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போதும்.

பயிற்சிக் காலத்தில் ஏற்பு வந்த ஒரு கமக்காரரைப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி வைத்திருந்தோம். யாரோ தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்கே அவர் உடம்பு வில்லாய் வளைந்தது. நினைவு முழுக்கத் தெளிவு. வலியை அப்படியே உணர்ந்துகொண்டு கிடந்தார். வந்து பிழைத்தாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிஞ்சாத நோய் இது. அவருக்கும் பிறகு ஊசி போட வேண்டியிருந்தது.

சரி, மாமியின் பயம். காயத்துக்குப் போட்ட ஊசியும் கிளினிக்கில் போடும் ஊசியும் ஏற்பைத் தடுப்பவைதான். தலைப்பிள்ளைக்கு நம் நாட்டில் 12 கிழமைக்குப் பிறகு ஒன்று, அதிலிருந்து 6 முதல் 8 கிழமையில் அடுத்தது. ஆகவே ஆஸ்பத்திரியில் போட்டதை முதலாவதாகக் கணக்கெடுக்கலாம். தேதியைக் கர்ப்பிணி அட்டையில் எழுதுவியுங்கள். இந்தக் கர்ப்பத்துக்கு மிச்சம் ஒன்றுதான். உயிருள்ள கிருமி இதில் இல்லை. கை நோகும், ஒரு நாள் லேசாகக் காயலாம், பனடோல் போதும். உங்கள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி கொப்பூழ்க்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, பிறகு வாய் இறுகிக் குடிக்க முடியாமல் போவதுதான் பச்சைக் குழந்தையின் ஏற்பு. அதைத் தடுக்கிற ஊசி இது என்று மாமிக்குச் சொல்லுங்கள்.

குக்கலைப் பற்றி அக்கா சொல்வது நல்ல யோசனை. பிள்ளைக்கு முதல் குக்கல் ஊசியே இரண்டு மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை அதற்கு உங்களை விட்டால் வேறு காவல் இல்லை. அந்த வயதில் குக்கல் வந்தால் இருமல் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். மூச்சு நின்று உதடு நீலம் பாரிக்கலாம். கனடாவில் ஒவ்வொரு கர்ப்பத்திலும், பெரும்பாலும் 27 முதல் 32 கிழமைக்குள் டிடாப் என்ற ஊசி போடுகிறார்கள். நம் அரச கிளினிக்கில் வழமையாகப் போடுவதில் குக்கல் சேராது. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், முன்கூட்டியே விசாரியுங்கள். ஆனால் உங்கள் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது: இரண்டாவது ஊசி 27 முதல் 30 கிழமைக்குள் வரும். டிடாப்பிலேயே ஏற்புக்கும் மருந்து இருப்பதால் அந்த ஒன்றே இரண்டுக்கும் போதும். மருத்துவமாதுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவ மறுபடி போட்டுவிடுவா.

காசு முட்டுப்பட்டால் மனம் உடைய வேண்டாம். கிளினிக்கில் ஏற்பூசியைப் போடுங்கள். இருமலோடு வருபவர் யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். இரண்டு மாதம் முடிந்த உடனே முதல் குக்கல் ஊசியைப் போட்டுவிடுங்கள், லேசான தடிமனுக்காக ஒரு கிழமையும் பிந்த வேண்டாம்.

அப்புறம், அட்டையில் எல்லாம் எழுதி முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பி வையுங்கள். இந்த முறை அட்டை தொலைந்தாலும் கணக்கு அவவிடம் இருக்கும்.