நகரத் தோட்டம் எல்லோருக்கும் கிடைக்க, முதலில் மாடியிலிருந்து இறங்க வேண்டும்

கேள்வி: வாடகை வீட்டில் இருப்பவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் நகரத் தோட்டத்திலும் உள்ளூர் உணவுக் குழுக்களிலும் சேர என்ன வழி?

தோட்டத்தை மொட்டை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். வேலூரில் இருக்கும் நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

நகரத் தோட்டம் என்றாலே நம் ஊரில் மாடித்தோட்டம்தான். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருவதும் மாடித்தோட்டத் தளை என்கிற பொருள் தொகுப்புதான். பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் வரும். நல்ல திட்டம். ஆனால் மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் மாடி. முழங்கால் வலிக்காரர்கள் தினமும் குடம் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும்போது தளத்தில் இருக்கும் பைகளுக்கு இரண்டு வேளைத் தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீர் பிடித்து வைக்கிற தெருவில் அதற்கு எங்கே போவது?

எங்கள் தெருவில் வீட்டிலேயே பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பழைய பெயின்ட் வாளி, அதில் கொடிப்பசலை. விதை வாங்கவில்லை, யாரோ கொடுத்த ஒரு சாண் தண்டை நட்டார். அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறார். அரை நிழலிலேயே தழைத்து இப்போது ஜன்னல் கம்பி முழுக்க ஏறி நிற்கிறது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு கை எட்டும் தூரத்தில் பறித்துப் பருப்பில் போடுகிறார். “காலி பண்ணச் சொன்னா வாளியத் தூக்கினு போயிடுவேன், அவங்களுக்கு இன்னா கஷ்டம்?” என்கிறார். பொன்னாங்கண்ணியும் இப்படித்தான், தண்டு இருந்தால் போதும்.

வாளிக்கும் இடம் இல்லாதவர்களுக்குப் பொது இடம் வேண்டும். அங்கன்வாடிச் சுவரோரம், மாநகராட்சிப் பள்ளி, பூங்காவில் ஒரு மூலை. உங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இடத்தோடு தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கோடையில் எல்லாம் காய்ந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைக் கழிவு பட்ட இடமாக இருந்தால், மண்ணையும் தண்ணீரையும் சோதிக்காமல் தரையில் கீரை போடாதீர்கள். குரோமியம் போன்ற உலோகங்கள் கீரை வழியாக வயிற்றுக்குப் போகும். அங்கே வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் வளர்ப்பதுதான் சரி.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேச வேலூரைவிடப் பொருத்தமான ஊர் எது? 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் இங்கேதான் இருந்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். அப்படிப்பட்ட ஊரில் தோட்டக் கூட்டத்தை மூன்றாவது மாடியில் வைப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. முழங்கால் உள்ளே போக அடியில் இரண்டேகால் அடி காலி விட்டு, இரும்புக் கால் வைத்து ஆழம் குறைந்த தொட்டி செய்தால் நாற்காலியில் இருந்தபடியே கீரை விதைக்கலாம். சுவரோரம் வைத்தால் இரண்டு அடிக்கு மேல் அகலம் வேண்டாம், கை எட்டாது. தொழுநோயால் விரல் உணர்வு குறைந்தவர்களுக்குக் களைக்கொத்தின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். முள்ளுக்கத்திரியை அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

அந்தக் கத்திரிக்காயை விளைவித்தவரிடமே வாங்கலாம். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைவித்தவரிடம் நேராக வாங்க உள்ளூர் உணவுக் குழு என்று புதிதாகத் தொடங்கும் முன் டோல்கேட் உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் வாங்குவதற்கு உறுப்பினர் கட்டணமும் கிடையாது, இயற்கை விளைபொருள் என்று இரட்டை விலையும் கிடையாது.

அப்புறம், குழு தொடங்கினால் செய்தியை எழுதிப் போடுவதோடு குரல் பதிவாகவும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கேட்டுத்தான் வருவார்கள். உருது பேசும் தெருவானால் உருதுவிலும் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். சந்தா வேண்டாம், ஆளுக்கு ஒரு தண்டோ ஒரு பிடி விதையோ கொண்டுவந்தால் போதும்.