சிற்றலை வானொலி வாங்குமுன்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. பழையபடி தமிழோசை கேட்க வேண்டும் என்று சிற்றலை வானொலி ஒன்று கேட்கிறார். விலை குறைவாக எதை வாங்கிக் கொடுக்கலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

வாங்குவதற்கு முன் அப்பாவிடம் ஒரு செய்தியைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. என்ன விலைக்கு வாங்கினாலும் அந்த இரவு ஒன்பதேகால் இனி வராது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் 2018இல் சிற்றலையை விட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் புதுப் பெட்டியைக் கையில் கொடுத்தால், பழி முழுவதும் அந்தப் பெட்டியின் மீதுதான் விழும்.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிற்றலையில் (பெட்டியில் எஸ்.டபிள்யூ.) சீன வானொலியின் தமிழ்ச் சேவையைத் தேடிப் பார்க்கலாம். ஆங்கிலம் கேட்பவரென்றால் பிபிசி உலக சேவை இருக்கிறது. ஆனால் அவருக்கு நிம்மதியாகத் தமிழ் கிடைக்கப்போவது மத்திய அலையில்தான் (பெட்டியில் எம்.டபிள்யூ. அல்லது ஏ.எம்.). அகில இந்திய வானொலியின் திருச்சி 936, தூத்துக்குடி 1053 கிலோஹேர்ட்ஸ். இரண்டுக்கும் நமக்கும் இடையில் கடல் இருக்கிறது. கடல்நீரின் மேல் மத்திய அலை நன்றாகப் பயணிக்கும். இருட்டிய பிறகு இன்னும் நன்றாக வரும். புத்தளத்திலிருந்து 882இல் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் வருகின்றன. ஆகவே என் கணக்கு இதுதான்: வன்னியில் வீட்டில் வைத்துக் கேட்க வானொலி வாங்குகிறவர், சிற்றலைக்கு என்று வாங்கினாலும் மத்திய அலை எப்படி இழுக்கிறது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் பலர் இதைக் கடைசி வரியில்தான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு அலைவரிசை எண்ணைத் திரையில் காட்டும் பெட்டியே நல்லது. நிலையங்களை நீங்களே நினைவகத்தில் பதிந்து கொடுத்தால், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

கிளிநொச்சியில் ஒரு கடையில் ‘12 பாண்ட் உலக வானொலி’ மலிவாக இருக்கிறது. ரோர்ச், மெமரி கார்ட், யு.எஸ்.பி. எல்லாம் உண்டு. நம்பி வாங்கலாமா?
– வாசகர், பரந்தன்

முகப்பில் எழுதிய பாண்ட் (அலைப்பட்டை) எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ரோர்ச்சுக்கும் பாட்டுக்கும் காசு கொடுக்கிறீர்கள். வானொலி அதற்குள் இலவச இணைப்பு. இந்த வகைப் பெட்டிகளில் ஒரு முழுச் சிற்றலைப் பட்டை விரற்கடை நீள டயலுக்குள் நெருக்கப்பட்டிருக்கும். முள்ளை ஒரு மயிரிழை அசைத்தால் மூன்று நிலையங்களைத் தாண்டிவிடும். பலமான ஒரு நிலையம், அதன் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹேர்ட்ஸ் கீழே இன்னொரு தடவை ஒலிப்பதையும் கேட்பீர்கள். அது ஆவி. கடைக்காரர் அதையும் ஒரு நிலையமாகக் கணக்குக் காட்டுவார்.

கொஞ்சம் கூடக் கொடுத்தால் டி.எஸ்.பி. சில்லு (அலையை எண்களாக்கிப் பிரித்தெடுக்கும் சில்லு) உள்ள, எண் காட்டும் பெட்டி கிடைக்கும். டெக்சன் பி.எல்-330, பி.எல்-380, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 ஆகியவை இந்த வகுப்பில் பேர் பெற்றவை. பக்கத்து நிலையத்தை வெட்டி ஒதுக்கும் அகலத்தை இவற்றில் நீங்களே மாற்றலாம். நெருக்கமான இரவு அலையில் அதன் அருமை தெரியும்.

கடைக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். எல்.ஈ.டி. மின்குமிழ்களும் சார்ஜர்களும் நிறைந்த இடத்தில் எந்த வானொலியும் இரையும். கடைக்காரரிடம் கேட்டு, பற்றரியில் போட்டுத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். பகலென்றால் சிற்றலையில் 16, 19 மீற்றர் பட்டைகளை (அலைநீளத்தால் பெயரிட்ட பகுதிகள்) துழாவுங்கள். மாலையில் 25, 31. இரவானால் 41, 49. பகல் பன்னிரண்டு மணிக்கு 49 மீற்றரில் ஒன்றும் வரவில்லை என்று பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது அநியாயம். பகலில் அயன மண்டலத்தின் (வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளியின்) கீழ் அடுக்கு அந்த அலைகளைக் குடித்துவிடுகிறது. வெயில் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துவிடும்.

பிறகு மத்திய அலைக்குப் போய்ப் பெட்டியை மெதுவாகத் திருப்புங்கள். நீட்டி இழுக்கும் கம்பிக்கு அங்கே வேலையில்லை. உள்ளே கிடக்கும் பெரைற்றுத் தண்டுதான் ஏரியல். பெரும்பாலான பெட்டிகளில் அது நீளவாக்கில் படுத்திருப்பதால், முகப்பு நிலையத்தைப் பார்க்கும்போது அதிகமாக இழுக்கும். கிளிநொச்சியிலிருந்து திருச்சி வடமேற்கு. தூத்துக்குடி மேற்குக்குச் சற்றுத் தெற்கு. திருப்பும்போது ஒலி ஏறி இறங்கினால் தண்டு உயிரோடு இருக்கிறது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி முனகினால், வேறு பெட்டி கேளுங்கள்.

எஸ்.எஸ்.பி. வசதிக்கு மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டுமா?
– வாசகர், வவுனியா

நிலையங்கள் மட்டும் கேட்பதானால் தேவையில்லை. எஸ்.எஸ்.பி. என்பது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை. பொழுதுபோக்காகத் தாங்களே ஒலிபரப்பிப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரரின் உரையாடல் கேட்க ஆசையென்றால் அந்த வசதி வேண்டும். அது இல்லாமல் அவர்களின் குரல் வாத்துக் கத்துவதுபோல் கேட்கும். 7 மெகாஹேர்ட்ஸில் கீழ்ப்பக்கம் (எல்.எஸ்.பி.), 14இல் மேற்பக்கம் (யு.எஸ்.பி.) என்று வைத்துத் தேடுங்கள். மேலே சொன்ன மூன்றில் பி.எல்-380இல் மட்டும் இது கிடையாது.

புது வானொலி வாங்கினேன். வீட்டுக்குள் ஒரே இரைச்சல். இரவில் செக்கனுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்ற சத்தமும் வருகிறது. பழுதா?
– வாசகர், நெடுங்கேணி

உங்கள் ஊரைப் பார்த்தால் அந்த ‘டிக்’ யானை வேலியாக இருக்கலாம். மின்வேலிப் பெட்டி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை அதிர்வு கொடுக்கும். கம்பியில் செடி முட்டியிருந்தாலும் இன்சுலேட்டர் வெடித்திருந்தாலும் அந்த இடத்தில் பொறி பறந்து, மத்திய அலை, சிற்றலை இரண்டிலும் விழும். வேலியைப் பராமரிக்கிறவர்களிடம் சொல்லுங்கள்: உங்கள் வானொலிக்குக் கேட்கிற அந்தச் சத்தம், வேலியில் மின்சாரம் ஒழுகுகிறது என்பதற்கும் அடையாளம். ஆகவே அது அவர்களுக்கும் பயனுள்ள தகவல்தான்.

தொடர்ந்து வரும் இரைச்சலைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வானொலியைப் பற்றரியில் போட்டுவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் அடங்கினால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: மலிவான எல்.ஈ.டி. குமிழ், கைத்தொலைபேசி சார்ஜர், இணைய ரவுட்டரின் அடப்டர். சோலார் உள்ள வீடுகளில் சார்ஜ் கொன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் முதற் சந்தேக நபர்கள். அவை தனி வயரில் ஓடுவதால் மெயினை நிறுத்தியும் இரைச்சல் போகாது; அவற்றையும் நிறுத்திப் பாருங்கள். வானொலியோடு வந்த சார்ஜரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. சார்ஜ் போட்டபடி கேட்காதீர்கள்.

தகரக் கூரை வீட்டில் நடு அறையை விட்டு யன்னலோரம் வையுங்கள். விறாந்தை இன்னும் நல்லது.

இந்திய மத்திய அலையில் சில இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று சீரான இரைச்சல் மட்டும் கேட்கும். அது டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் ஒலிபரப்பு. சாதாரணப் பெட்டி அதை விரித்துச் சொல்லாது, பழுதில்லை.

பனையில் கம்பி கட்டி இழுத்தால் நன்றாக வருமா?
– வாசகர், முழங்காவில்

வரும், அளவோடு கட்டினால். ஐந்து தொடக்கம் பத்து மீற்றர் வரை உறையுள்ள செப்பு வயர், ஒரு நுனியில் முதலைக் கிளிப், அதை நீட்டுக் கம்பியில் கவ்விவிட்டால் போதும். முப்பது மீற்றர் கட்டினால் மலிவுப் பெட்டி திணறும். எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். பனைக்குப் பனை கட்டுவதைவிட யன்னலிலிருந்து முற்றத்து மாமரம் வரை கட்டுவது போதுமானது. பனை உயரம்; மின்னலும் அதைத்தான் தேடும். சித்திரை, வைகாசியிலும் மாரி தொடங்கும் ஐப்பசியிலும் பின்னேர இடி வன்னிக்குப் பழக்கம். வானம் கறுத்ததும் கிளிப்பைக் கழற்றி வயரை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

அட்டவணையில் ‘யு.டி.சி. 1400’ என்று இருந்தால் நமக்கு எத்தனை மணி?
– மாணவர், மாங்குளம்

யு.டி.சி. என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள்: இரவு 7.30. (1996 தொடக்கம் 2006 வரை அரசு நேரத்தை மாற்றியும் வன்னி பழைய நேரத்திலேயே நின்றதால், கொழும்புக்கு ஒரு நேரம், வன்னிக்கு ஒரு நேரம் என்று கணக்குப் போட்டவர்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்களுக்கு இது விளையாட்டு.) அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு தடவை, மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும். நேற்று வந்த நிலையம் இன்று இல்லையென்றால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

கனடாவில் உள்ள மகன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

இரண்டு விடயம். அந்தப் பக்கத்தில் மத்திய அலை 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் ஓடும், இங்கே 9. இரண்டுக்கும் மாற்றக்கூடிய பெட்டிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். 882, 936, 1053 மூன்றும் ஒன்பதால் வகுபடும். பத்தில் விட்டால் எதிலும் சரியாக நிற்காது.

மற்றது பற்றரி. பி.எல்-330இல் பழைய நோக்கியா போன்களில் இருந்த பி.எல்-5சி, ஊர்க் கடைகளில் இன்னும் கிடைக்கும். டி-808இல் 18650 என்னும் உருளை. பி.எல்-380இல் சாதாரண ‘ஏ.ஏ.’ மூன்று, என் வாக்கு இதற்கே. போர்க்காலத்தில், பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட ஊருக்கு, எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கக்கூடிய பற்றரியின் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை. மாதக்கணக்கில் கேட்காமல் வைப்பதென்றால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும்.