மாமா கேட்ட கணக்கு

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே கால்கள் இயங்காது, சக்கர நாற்காலிதான். அரசாங்கக் கொடுப்பனவாக மாதம் 7,500 ரூபாய் வருகிறது. போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில் மாமா, "நாங்கள் வரி கட்டுறம், இவனால நாட்டுக்கு என்ன பிரயோசனம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். தம்பி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான் என்றேன். சிரித்தார். வேறென்ன சொல்லியிருக்கலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, கணிதப் பேச்சையே எடுத்திருக்க வேண்டாம். தம்பிக்குக் கணிதம் வருகிறது, சரி. பேச்சும் வராமல், சோறூட்டவும் ஆள் தேவைப்படுகிற பிள்ளையின் தாய் என்னத்தைக் காட்டுவாள்? பிரயோசனத்தை நிரூபிக்கத் தொடங்கினால் மாமாவின் தராசில் நாமே ஏறி நின்றதாகிவிடும்.

செட்டியார் தெருவில் நகைக்கடைக் கணக்கெழுதியே காலந்தள்ளியவன் நான். முதலாளியின் தாயார் படுக்கையில் இருந்தார். மாதாமாதம் மருந்துக் காசு வீட்டுச் செலவில் பதிவாகும். அம்மா எவ்வளவு உழைத்துத் தந்தார் என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்டதில்லை. மாமாவும் தன் தாயாரைப் பற்றி அப்படிக் கேட்கமாட்டார்.

வரி? தம்பியும்தான் கட்டுகிறார். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். ரீலோட் போட்டாலும் சவர்க்காரம் வாங்கினாலும் அது போகிறது. (இதுவும் அதே தராசுதான். ஆனால் மாமாவின் வாயை அடைக்க உதவும்.)

இன்னொன்று. அரச வேலையில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996இல் அவர்களின் உரிமைகளுக்கென்று சட்டமும் வந்தது. வேலை கிடைத்தாலும், காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸின் மிதிபலகைக்கு மேலே சக்கர நாற்காலியை யார் தூக்கி ஏற்றுவது? நடத்துநர் "அடுத்த பஸ்ஸில வாங்க" என்பதற்குள் சாரதி பஸ்ஸை எடுத்துவிடுவார். தினமும் ஓட்டோவில் போய்வந்தால் சம்பளம் அதற்கே சரி. இப்படி வழியை அடைத்துவிட்டு, ஏன் உழைக்கவில்லை என்று அவரிடமே கேட்கிறோம்.

அது கிடக்கட்டும். 7,500 என்று எழுதியிருக்கிறீர்களே, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 10,000 ஆக்கினார்கள். வங்கிப் புத்தகத்தையும் தம்பியின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாமாவுக்குப் பதில் சொல்வதைவிட அதுதான் அவசரம்.