மாத்திரை குறையும் நாட்களில் வயிற்றுக்கு என்ன கொடுப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். நெடுநாள் சாப்பிட்ட மாத்திரையைக் குறைக்கிறார்கள், அல்லது நிறுத்திவிட்டார்கள், உடம்பு படுத்துகிறது, என்ன சாப்பிட்டால் அடங்கும் என்று கேட்கிறார்கள். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாத்திரையை எப்படி, எவ்வளவு குறைப்பது என்பது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. குறைக்கிற நாட்களில் அடுப்படியில் என்ன செய்யலாம் என்பதை நான் சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. தூக்கத்துக்காகப் பல வருடமாக குளோனாசெபாம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அது கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தம்பி அட்டையோடு தூக்கிப் போட்டுவிட்டான். இப்போது அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, பொட்டுத் தூக்கம் இல்லை, வியர்த்துக் கொட்டுகிறது. கசகசா பால் கொடுக்கலாமா, அமுக்கராப் பொடி கொடுக்கலாமா?
– வாசகி, ஓமலூர்

வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உடனே போன் செய்து பேசிவிட்டேன். அம்மாவை அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, இனி சிறுகச் சிறுகக் குறைப்பதாக ஏற்பாடு. இதே நிலையில் இன்னொரு வீடு இருக்கலாம் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

குளோனாசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம் போன்ற மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறலாம், இல்லாதது இருப்பதுபோல் தெரியலாம். இதைக் கசகசா பால் நிறுத்தாது. எந்தச் சாப்பாடும் நிறுத்தாது. நடுக்கமும் வியர்வையும் வந்துவிட்டால் அன்றைக்கே டாக்டர். வலிப்பு வந்தால் 108. தூக்கம் வரட்டும் என்று ராத்திரி மது குடிக்கிற ஆண்களும் உண்டு. இந்த மாத்திரைகளோடும் சரி, இவற்றை நிறுத்துகிற நாட்களிலும் சரி, மது உயிருக்கே ஆபத்து.

அமுக்கரா நாட்டு மருந்துதானே என்று நினைக்காதீர்கள். அதுவும் தூக்கம் தரக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். சிலருக்கு ஈரல் பாதித்ததாகவும் பதிவாகியிருக்கிறது. டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

தம்பியைத் திட்டாதீர்கள். அம்மா மேல் இருக்கிற அக்கறையில் செய்ததுதான். இனி மாத்திரை குறையும் மாதங்களில் அவரையே அம்மாவுக்குச் சாயங்காலச் சாப்பாட்டுப் பொறுப்பாளர் ஆக்குங்கள்: மதியத்துக்கு மேல் காபி இல்லை, ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள், தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடிப்பது. நடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தலைசுற்றி விழுகிற ஆபத்து குறையும்.

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன் என்று டாக்டர் 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்திருக்கிறார். காலையில் எழுந்தாலே குமட்டல். தலைசுற்றல். சட்டென்று திரும்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறது. வெறும் வயிற்றில் கருஞ்சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் மாமியார். மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் பண்ணு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டிலேயே தறி இருக்கிறது, உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

தங்கச்சி, அந்தச் சுரீர் உங்களுக்கு மட்டும் வருவதல்ல. இந்த வகை மாத்திரையைக் குறைக்கும்போது பலருக்கு வருகிறது. டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பயமாக இருக்கும், ஆனால் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. அது எந்தச் சாப்பாட்டுக்கும் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய அளவுக்குப் போய், இன்னும் சின்னச் சின்னப் படிகளாக இறங்கலாம். அப்படிப் போவது தோல்வி இல்லை. நீங்களாக ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டாம். மருந்தின் அளவு ஏறி இறங்கி இன்னும் படுத்தும்.

குமட்டலுக்கும் தலைசுற்றலுக்கும் சாப்பாட்டால் செய்ய முடிந்தது நிறைய. மனதுக்குக் கொடுக்கும் மாத்திரைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த மாத்திரை வேலை செய்வது செரட்டோனின் என்ற பொருளின் மேல். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மருந்து குறைகிறபோது குடலும் தடுமாறுகிறது. சிலருக்குக் குமட்டல், சிலருக்கு வயிற்றுப்போக்கு.

தடுமாறுகிற வயிறு காலியாகக் கிடக்கக் கூடாது. படுக்கும்போதே தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் எழுந்திருக்காமல் ஒரு கை அள்ளி மெதுவாக மென்று தின்னுங்கள். கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். அதற்கு மேல்தான் பல் தேய்ப்பது, வாசல் தெளிப்பது எல்லாம். மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கு நான் சொல்வதும் இதுதான்.

அப்புறம் கேழ்வரகுக் கூழ். நம் பக்கம் எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான், ஆனால் குமட்டுகிற வயிற்றுக்குச் செய்யும் பக்குவம் கொஞ்சம் வேறு. ராத்திரியே இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். காலையில் ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் கரைத்த மாவை ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய், ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்குங்கள். நன்றாக ஆறவிடுங்கள், சூடான கூழின் ஆவி சிலருக்குக் குமட்டலைக் கிளப்பும். புளிக்காத மோரும் உப்பும் விட்டு, டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும் அளவுக்குக் கரையுங்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இப்போதைக்கு வேண்டாம். அரை டம்ளரை, தறிக்குப் போவதற்கு முன் நிதானமாகக் குடியுங்கள். மீதி அரை டம்ளரைப் பத்து மணிக்கு.

இப்படி இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம். ஒரு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல், அவித்த முட்டை. வெறும் சோறும் ரசமும் மட்டும் என்று ஓட்டினால் சீக்கிரமே பசி எடுத்துத் தலை கிறுகிறுக்கும். ஒவ்வொரு வேளையிலும் பருப்போ, பயறோ, முட்டையோ கொஞ்சம் இருக்கட்டும். தறி ஓடும் அறையில் சும்மாவே வியர்க்கும், மாத்திரை குறைவதாலும் வியர்க்கும். அதற்கு உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ ஒரு சொம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குமட்டல் கிளம்பும்போது சுண்டு விரல் நுனி அளவு இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு, கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்து உறிஞ்சுங்கள். குமட்டலுக்கு இஞ்சி உதவுவது ஆராய்ச்சிகளிலும் தெரிந்த விஷயம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்.

ஜூஸ் விரதம் வேண்டவே வேண்டாம். உடம்பைச் சுத்தம் பண்ண ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. மூன்று நாள் ஜூஸில் இருந்தால் உங்கள் தலைசுற்றல் இரட்டிப்பாகும். மாமியார் சொல்லும் கருஞ்சீரகத்தையும் இப்போது தள்ளிப் போடுங்கள். கருஞ்சீரகம் விஷம் என்பதற்காகச் சொல்லவில்லை. மாத்திரை குறைகிற வாரத்திலேயே புதிதாக ஒன்றை ஆரம்பித்து, அடுத்த நாள் வயிறு கலக்கினால், அது மாத்திரையாலா கருஞ்சீரகத்தாலா என்று டாக்டராலும் சொல்ல முடியாது. இந்தக் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாத்திரை மாறும் வாரம், சாப்பாடு பழகிய சாப்பாடாகவே இருக்கட்டும். அவரிடம், ‘டாக்டர் மாத்திரையை முடிக்கட்டும் அத்தை, அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, மாத்திரை அளவு, எத்தனை மணி நேரத் தூக்கம், குமட்டல் உண்டா இல்லையா. அடுத்த முறை டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். குமட்டல் போய் மனம் பழையபடி இருண்டு, அழுகை வந்துகொண்டே இருந்தால், அது வேறு விஷயம். தேதி வரைக்கும் காத்திருக்காமல் போங்கள். நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. 2022-இல் ஆரம்பித்த இலவச அரசு உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: எஸ்டேட் அலுவலகத்தில் வேலை. ஒரு நாளைக்கு ஆறு காபி குடிப்பேன். படபடப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையை டாக்டர் குறைத்ததும், காபியும் படபடப்பைக் கூட்டும் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே காபியையும் அடியோடு விட்டேன். மண்டையைப் பிளக்கும் தலைவலி. மாத்திரையாலா?
– வாசகர், ஏற்காடு

பெரும்பாலும் காபியால். காபியைச் சட்டென்று விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கும். சோர்வும் எரிச்சலும் கூட வரும். மாத்திரை குறைவதன் தொல்லையும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதால், எது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகிறது.

காபி படபடப்பைக் கூட்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் குறைக்க வேண்டியது படிப்படியாக. முதலில் கடைசிக் காபியை மதியத்துக்கு முன் கொண்டுவாருங்கள். குடித்த காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலக் காபி ராத்திரிப் படுக்கை வரை கூட வரும். அப்புறம் சில நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள், அல்லது டிகாக்‌ஷன் பாதிக்குக் கீழ், பால் பாதிக்கு மேல் என்று மாற்றுங்கள். சேர்வராயன் மலையில் பெரும்பாலும் விளைவது அராபிகா வகைக் காபி. ரோபஸ்டா என்ற இன்னொரு வகையில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதிதான் இதில். அதனால் கடைக் கலவைப் பொடிக்குப் போகாமல் உங்கள் மலைக் கொட்டையையே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கைக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்றால், காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் கஷாயம்.

டாக்டரைப் பார்க்கச் சேலம் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. தலைசுற்றும் நாட்களில் பைக்கை எடுக்காதீர்கள். பஸ்ஸில் முன் சீட்டு, வயிற்றில் இரண்டு இட்லி, வாயில் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். மலை ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம். பம்பளிமாஸ் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. சில தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரைகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கேள்வி: கேஸ் தொல்லைக்கு பான்டோபிரசோல் வருடக்கணக்கில் சாப்பிட்டேன். இனி வேண்டாம் என்றார் டாக்டர். விட்டதும் நெஞ்சு முன்பைவிட எரிகிறது. நோய் முற்றிவிட்டதா?
– பணி ஓய்வு பெற்றவர், சூரமங்கலம்

அப்படி முடிவு கட்ட வேண்டாம், ஐயா. இத்தனை நாள் மாத்திரை அமிலத்தை அடக்கி வைத்திருந்தது. அடக்கிய கை விலகியதும் வயிறு சில வாரத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-இல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத நலமானவர்களுக்கு இந்த வகை மாத்திரையை எட்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களிலும் பலருக்கு எரிச்சல் வந்தது. ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தச் சில வாரத்தைக் கடத்த: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரையடி உயர்த்துங்கள். புளிக்குழம்பு, ஊறுகாய், வெறும் வயிற்று டீ, சாயங்காலத் தட்டுவடை செட்டு எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டும். காரச் சட்னியும் பொரித்த தட்டையும் சேர்ந்தால் இப்போதைய வயிறு தாங்காது. சுரைக்காய், வெண்பூசணி, பாசிப்பருப்புக் கூட்டு, குழைந்த சோறு, புளிக்காத மோர் நல்லது. ரொம்பப் படுத்தும் ராத்திரி ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம் குடிக்கலாம். ஆனால் அது வெறும் மாவுச்சத்து, அதையே வேளைச் சாப்பாடாக்கிவிடாதீர்கள். பால் குடித்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், அப்புறம் அமிலம் கூடும்.

ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ தினமும் சாப்பிடுகிறவர்களும், முன்பு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும் இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். மலம் கறுத்துப் போனால், விழுங்கும்போது அடைத்தால், எடை குறைந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மன அழுத்த மாத்திரையைக் குறைத்ததிலிருந்து இனிப்பு மேலேயே ஆசை. மாம்பழ சீசன் வேறு. சாப்பிடலாமா?
– கல்லூரி மாணவி, சேலம்

சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இல்லாதவரை, சேலத்தில் இருக்கும் பெண்ணிடம் மல்கோவா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வெறும் வயிற்றில் முழுப் பழம் தின்றால் சர்க்கரை சர்ரென்று ஏறி இறங்கி, மறுபடி படபடப்பும் பசியும் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து துண்டு, சாயங்காலம் ஆசை வந்தால் கடலை உருண்டை ஒன்று. ராத்திரி ஹாஸ்டலில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன், ராத்திரிச் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட்டோமா என்று பாருங்கள். பெரும்பாலும் அன்றைக்கு அதைத்தான் விட்டிருப்பீர்கள்.