மெஸ் தட்டுச் சத்தத்தை வைத்து என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும், மகள் தன் கல்லூரியில் பதிந்து தொகுத்த ஒலிக்கோப்பும் வந்து சேர்ந்தன. “கேட்டுப் பாருங்க சார், பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, வெறும் சத்தம். இதுக்காகவா ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுறேன்?” என்று எழுதியிருந்தீர்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்காமல் இதில் இறங்கியிருக்கிறாளே, இது சோறு போடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோபத்திலும் அந்தக் கோப்பை இணைத்து அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. பிள்ளை என்ன செய்கிறது என்றே காட்டாமல் “நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்பவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் எனக்குச் சிரமம்.

ஹெட்போன் போட்டு மூன்று முறை கேட்டேன். விடிகாலை. தூரத்தில் மயில் அகவுகிறது. ஈர்க்கு வாரியல் சிமென்ட் தரையில் இழுபட்டபடி வலப்பக்கத்திலிருந்து மெல்ல இடப்பக்கம் போகிறது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. யாரோ ஓடிவந்து மோட்டாரை அணைக்கிறார்கள். அணைத்த பிறகுதான், அதுவரை மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததே நமக்கு உறைக்கிறது. அப்புறம் மெஸ். எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, சாம்பார் வாளி விளிம்பில் கரண்டியைத் தட்டுகிறார்கள், முதுகுக்குப் பின்னால் ஒருவர் பெஞ்சை இழுக்கிறார். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன் ஐயா. என் நாற்காலிக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் சம்மதத்தோடுதானே அவளிடம் போனில் பேசினேன். அந்த மோட்டார் நிற்கும் இடம் தற்செயலாக விழுந்ததா என்று கேட்டேன். “இல்ல சார், மூணு நாள் அஞ்சு மணிக்கு எழுந்து காத்திருந்தேன். முதல் ரெண்டு நாளும் யாரோ பேசிட்டாங்க” என்றாள். பதிவு பட்டனை அழுத்த யாராலும் முடியும். ஒரு சத்தம் நிற்பதைப் பதிவுசெய்ய மூன்று நாள் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி வருவதில்லை. என் பதில் பாதிக்கு மேல் இதில்தான் நிற்கிறது.

மூக்குக்கண்ணாடியின் இரண்டு கால்களிலும், காதை ஒட்டி, பொத்தான் அளவு மைக்குகளைச் செருகிக்கொண்டு அவள் நடந்திருக்கிறாள். இதை பைனாரல் பதிவு என்பார்கள். இடப்பக்கம் எழும் சத்தம் இடது காதை முதலில் எட்டும். வலது காதுக்குப் போய்ச்சேர நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தத் துளி வித்தியாசத்தையும், நடுவே தலை மறைப்பதால் குறையும் ஓசையையும், காது மடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் சின்ன மாற்றத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. மைக் காதருகிலேயே இருந்தால் இதில் பெரும்பகுதி பதிவிலும் விழுந்துவிடும். நான் சுவரைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இது பாடத்தோடு ஒட்டிய விஷயம். “படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலை” என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை.

இதற்கு சவுண்ட்ஸ்கேப் என்று பெயர், தமிழில் ஒலிச்சூழல். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். மர்ரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் 1960களின் கடைசியில் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். அவருடைய குழு 1973-ல் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைத் தொகுத்து வெளியிட்டது. ஓர் இடத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி, நம்மைக் கவனிக்கச் சொல்லும் ஒலி, அந்த இடத்துக்கே உரிய ஒலி என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கப் பழக்கியவர் அவர். உங்கள் மகளின் கோப்பில் மோட்டார் முதல் வகை, வகுப்பு மணி இரண்டாம் வகை. மூன்றாவது இன்னும் வரவில்லை. மயிலைச் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மயில் இருக்கிறது. நோண்டிக் கேட்டதில், வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குவதாகவும், மின்சார மணி வந்த பிறகும் பரீட்சை நாட்களில் அட்டெண்டர் அதைத்தான் இரும்புக் கம்பியால் அடிப்பதாகவும் சொன்னாள். “அதை ஏம்மா விட்டே?” என்றேன். “பரீட்சை எழுதிட்டு இருந்தேனே சார்” என்றாள். நியாயம்தான்!

குறைகளையும் அவளிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் தெரியட்டும். மொட்டை மாடியில் காற்று மைக்கில் அடித்துப் பொத் பொத்தென்று கேட்கிறது. ரோமம் வைத்த மைக் உறை போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு இடமும் தேய்ந்து மறைந்து அடுத்தது மெல்ல எழுகிறது, நாலு நிமிடமும் ஒரே உத்தி. மெஸ்ஸிலிருந்து நூலகத்துக்குச் சட்டென்று வெட்டியிருந்தால் அந்த அமைதி கன்னத்தில் அறைந்திருக்கும். பெரிய தவறு ஒன்று: வார்டன் ஒரு மாணவியைப் பெயர் சொல்லித் திட்டுவது தெளிவாகக் கேட்கிறது. அது கலையே ஆனாலும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் வைக்கக் கூடாது. எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டாள்.

ஷேஃபர் குழுவில் வேலை பார்த்த ஹில்டகார்ட் வெஸ்டர்கேம்ப் 1989-ல் வான்கூவர் கடற்கரை ஒன்றை வைத்துச் செய்த படைப்பைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடலோரச் சிப்பி உயிர்களின் நுண்ணிய சடசடப்பைப் பதியப் போன இடத்தில் நகரத்தின் இரைச்சல் குறுக்கே நிற்கிறது. நகரச் சத்தத்தை வேண்டுமானால் இப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே குறைத்தும் காட்டுகிறார். பதிவு எங்கே முடிகிறது, படைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை என்னைவிட அது நன்றாகச் சொல்லும்.

சரி, சோறு போடுமா என்றுதானே கேட்கிறீர்கள். சவுண்ட்ஸ்கேப் கலைஞர் என்ற பெயரில் மாதச் சம்பளம் தரும் வேலை நம் ஊரில் அநேகமாக இல்லை. ஆனால் அந்தக் காதைத் தேடும் வேலைகள் உண்டு. சினிமாவில் ஒரு காட்சிக்குப் பின்னால் ஓடும் தெரு, மழை, ஆஸ்பத்திரி வராந்தா எல்லாவற்றையும் ஆம்பியன்ஸ் என்று தனியாக ஒருவர் அடுக்குகிறார். காலடி, வளையல், துணி உரசல் போன்றவற்றை ஸ்டுடியோவில் செய்து பதிவது ஃபோலி. டால்பி அட்மாஸ் என்ற தியேட்டர் ஒலி முறை வந்த பிறகு தலைக்கு மேலேயும் ஒலிபெருக்கி இருப்பதால், இடத்தை உணர்ந்து ஒலி அமைப்பவருக்கு வேலை கூடியிருக்கிறது. வீடியோ கேம் நிறுவனங்களில் இதே வேலை வைஸ், எஃப்மாட் என்ற மென்பொருள்களில் நடக்கும். வைஸ் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அருங்காட்சியகம், ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட் எல்லாம் சில்லறை வேலைதான், ஆனால் தொடர்ந்து வரும்.

சென்னையில் உதவியாளராகச் சேர்ந்தால் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவு, இரவு வேலை அதிகம், படம் நின்றால் பணமும் நிற்கும். பெண் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு வடபழனி ஸ்டுடியோவிலிருந்து எப்படி அறைக்கு வருவாள் என்று உங்கள் மனைவி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். சரியான கேள்வி. சேரும் இடத்தில் அதை நேராகவே கேட்க வேண்டும். வண்டி ஏற்பாடு பற்றிப் பதில் மழுப்பினால் அங்கே போக வேண்டாம்.

படிப்புக்கு வருகிறேன். புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனத்திலும் பட்டம் முடித்தவர்களுக்கு ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பில் மூன்று வருடப் படிப்பு உண்டு. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், இடங்கள் மிகக் குறைவு. பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்த வகையில் உங்கள் மகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கொல்லம் மாவட்டம். அங்கே பிறந்து, இயற்பியல் படித்து, புனேவில் ஒலி படித்தவர்தான் ரசூல் பூக்குட்டி. 2009-ல் ஆஸ்கர் வாங்கினார். எல்லோருக்கும் ஆஸ்கர் வரும் என்று சொல்லவில்லை, பாதை புதிதல்ல என்று சொல்கிறேன். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒலிப்பதிவு இருக்கிறது. ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நாலு வருடப் பட்டம். டிகிரியை முடிக்கப்போகிற பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

தனியார் டிப்ளமோ பற்றி ஒரு வார்த்தை, இதில் நானே சூடுபட்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை, நேரில் போய்ப் பார்க்காமல், விளம்பரத்தை நம்பி ஒரு நிறுவனத்தில் சேரச் சொன்னேன். லட்சக்கணக்கில் கட்டினார்கள். ஒரே ஒரு மிக்ஸிங் அறை, வரிசையில் நாற்பது பேர். வாரத்துக்கு அரை மணி நேரம் அவன் கைக்குக் கிடைத்தது. அவனுடைய அப்பா இன்றும் என்னை மரியாதையாகத்தான் பார்க்கிறார், அதுதான் எனக்கு வேதனை. எனவே எந்த இடமானாலும், ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கிடைக்கும், சொல்லிக்கொடுப்பவர் இப்போதும் படத்தில் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். போன வருடம் முடித்த மூன்று பேரின் போன் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். எண் தரத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

சினிமா இல்லாத வழியும் இருக்கிறது, உங்களுக்கு அது கொஞ்சம் நிம்மதி தரலாம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பஸ் ஹாரன் காதைப் பிளக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 தான் வரம்பு. (நம் ஊர் டிரைவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) இந்த மாதிரி அளவுகளை எடுத்து அறிக்கை தரும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. அரங்குகளின் ஒலியமைப்பைத் திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். திருப்பதியின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐஐஎஸ்இஆர்) மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காடுகளின் பறவைப் பாடல்களைப் பதிந்து ஆராய்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு இந்தப் பக்கம் போனால், ஐந்து மணிக்கு எழுந்து காத்திருக்கும் பழக்கம் அங்கேயும் உதவும்.

வங்கித் தேர்வு? கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அது ஓடிப்போகாது. அதிகாரி பதவிக்கு 30 வயது வரை எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதற்கு மேலும் தளர்வு உண்டு. அவளுக்கு இப்போது 20. இரண்டு வருடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் நிற்பாள். ஆனால் அந்த இரண்டு வருடமும் சும்மா கிடையாது. டிகிரியில் அரியர் இருக்கக் கூடாது. அடுத்த ஜூனுக்குள், கல்லூரியின் ஐந்து இடங்களை வைத்து ஐந்து படைப்புகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். எங்கே, எப்போது, எந்த மைக், எதை ஏன் வெட்டினேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு. கல்லூரி முதல்வரிடம் எழுதி அனுமதி வாங்கிய பிறகே பதிவு. நேர்காணலில் மார்க் ஷீட்டைவிட இதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். ஐந்தில் இரண்டைக்கூட முடிக்கவில்லை என்றால் அவளே என்னிடம் வந்து வங்கிப் பயிற்சி பற்றிக் கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். எடிட் செய்ய ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பார்க்கலாம். புதிய மைக் எதுவும் இப்போது வாங்கித் தராதீர்கள். ஹார்ட் டிஸ்க் கேட்கிறாள் என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள், அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள். அவள் பதியும் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி வரும். மூன்று விடியலுக்கே லேப்டாப் திணறியிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வரும்போது திருத்திய கோப்பைக் கேட்டுவிடுங்கள். போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், அதில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். முதல் முறை நீங்கள் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். ஹெட்போனில் ‘எல்’ என்று போட்டிருப்பது இடது காது. மாற்றி மாட்டினால் வாரியல் எதிர்ப்பக்கம் போகும்.