குழந்தைக்கு முதல் பியானோ: வாங்கும் முன் உள்ளே திறந்து பாருங்கள்

கேள்வி: எட்டு வயது மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தெரிந்தவர் வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) பல வருடமாக வாசிக்காமல் நிற்கிறது. விலை வேண்டாம், தூக்கிப்போகும் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உள்ளே பார்க்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பழசு என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். நன்றாகப் பராமரித்த முப்பது வருடப் பியானோ, மலிவாகச் செய்த புதியதைவிட மேல். அது சுருதியில் நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேல்மூடியைத் திறந்து முன்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சுமார் 230 கம்பிகள், எல்லாமாகச் சேர்ந்து 15 டன்னுக்கும் மேலான இழுவிசையில் நிற்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியும் ஒரு ட்யூனிங் பின்னில் (சுருதி சேர்க்கத் திருகும் உலோக முளை) சுற்றியிருக்கும். அந்தப் பின்களைப் பிடித்திருப்பது பின்னால் உள்ள மரப்பலகை. அது காய்ந்து வெடித்துவிட்டால் பின் தளர்ந்துவிடும். இன்று சுருதி சேர்த்தால் சில நாளில் இறங்கிவிடும். சில பின்கள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக அடித்து இறக்கப்பட்டிருந்தாலோ, பின்களைச் சுற்றி எண்ணெய்க் கறை போலக் கறுத்திருந்தாலோ, யாரோ ஏற்கெனவே ஒட்டுவேலை பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, போனில் சுருதி காட்டும் ஒரு ட்யூனர் செயலியை வைத்து, கட்டை வரிசையின் நடுவில் உள்ள 'சி' ஸ்வரத்துக்கு மேலே வரும் 'ஏ'யை அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ் வர வேண்டும். 415 காட்டினால் அரை ஸ்வரம் இறங்கியிருக்கிறது. அதை மேலே ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறுபடலாம். ஒரே தடவையில் சுருதி நிலைக்கவும் செய்யாது. இறங்கியபடியே விட்டுவிட்டால், வகுப்பில் ஒரு 'ஏ', வீட்டில் வேறொரு 'ஏ' என்று குழந்தையின் காது குழம்பும்.

பிறகு 88 கட்டைகளையும் ஒன்று விடாமல், மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கையை எடுத்ததும் ஒலி நிற்க வேண்டும். நிற்காவிட்டால், கம்பியை அமர்த்தி ஒலியை நிறுத்தும் டேம்பரில் கோளாறு. (உச்சத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயிக்கு டேம்பரே கிடையாது. அங்கே ஒலி நீள்வது இயல்பு.) ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். அழுத்திய கட்டை மேலே வரத் தயங்கினால் பெரும்பாலும் ஈரத்தில் ஊதியிருக்கும்; இதைச் சரிசெய்துவிடலாம். கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட்டில் (கம்பளித் திண்டு) கம்பித் தடம் லேசாகப் பதிந்திருந்தால் தேய்த்துச் சீராக்கலாம். ஃபெல்ட் தேய்ந்து மரம் தெரிகிற நிலை என்றால் மாற்றத்தான் வேண்டும், அது பெரிய செலவு.

இவ்வளவும் நீங்களே பார்த்துத் திருப்தியான பிறகு, தூக்க ஆள் சொல்வதற்கு முன், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில்காரரான ஒரு ட்யூனரை அழைத்து வந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். சுருதி நிற்காத பியானோ இலவசமாக வந்தாலும் நஷ்டம்தான். 200 கிலோவுக்கு மேலான அந்தப் பாரத்தை வெளியேற்றவும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வீட்டில் இடம் குறைவு. குட்டையான பியானோவாக வாங்கலாமா?

பதில்: உயரம் குறைவதால் தரையில் பெரிதாக இடம் மிச்சமாகாது. அகலம் எப்படியும் 150 செ.மீ. அளவில்தான் இருக்கும். ஆழம் ஓரளவுதான் குறையும். கம்பி குட்டையாவதால் கீழ்ஸ்தாயி மங்கிப்போவதுதான் மிச்சம். ஒரு மீட்டருக்கும் குறைவான ஸ்பினெட் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் இயக்கப் பகுதி கட்டைகளுக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் சின்னப் பழுதுக்கும் நிறையக் கழற்ற வேண்டும். 110 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். யமஹா யு1, கவாய் கே-300 இரண்டும் 120 செ.மீ.யை ஒட்டிய உயரம். பல வருடம் வாசிக்க அந்த அளவு போதும்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் சத்தம் பிரச்சினை. டிஜிட்டல் பியானோ போதுமா?

பதில்: தொடக்கத்துக்குப் போதும். ஆனால் 88 கட்டையும், நிஜப் பியானோவின் சுத்தியலைப் போல விரலுக்குப் பாரம் தெரியும் கட்டையும் கட்டாயம். 61 கட்டைக் கீபோர்டில் பழகிய விரல் பியானோவில் திணறும். நிஜப் பியானோதான் வேண்டும் என்றால், பல அப்ரைட்களில் நடு பெடலை அழுத்தி ஓரமாகத் தள்ளினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துணி இறங்கி ஒலியைத் தணிக்கும். அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகு?

பதில்: வெயில் விழும் ஜன்னல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், ஈரச் சுவர் மூன்றையும் தவிருங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. வந்த அன்றே சுருதி சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் அறைக்குப் பழகட்டும். பிறகு வருடம் இரண்டு முறை. புத்தம்புதியது என்றால் கம்பி நீள்வதால் முதல் வருடம் கூடுதலாகத் தேவைப்படும்.

உயரம் மாற்றக்கூடிய இருக்கையையும் சேர்த்தே வாங்குங்கள். குழந்தையின் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் கீழே உறுதியான ஒரு பலகை போடுங்கள்.