'ஃபைன்' என்று பதில் வந்தால் அது பாராட்டா?

கேள்வி: நான் பாடுபட்டுத் தயாரித்த அறிக்கைக்கு மேலாளர் 'தி ரிப்போர்ட் இஸ் ஃபைன்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அகராதி 'சிறந்த' என்று பொருள் சொல்கிறது. மகிழலாமா? அபராதத்துக்கும் இதே சொல் எப்படி வந்தது?

பதில்: அகராதி சொல்வது சரிதான். ஆனால் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'எ ஃபைன் ரிப்போர்ட்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்திருந்தால் அது பாராட்டு. நேர்த்தியான அறிக்கை என்று பொருள். உங்களுக்கு வந்ததிலோ அது பயனிலையாக நிற்கிறது. அங்கே 'சரி, இது போதும்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

நம் 'சரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். குரலைப் பொறுத்து அது சம்மதமாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். வாக்குவாதத்தின் நடுவே வெடுக்கென்று 'ஃபைன்!' என்றால் 'எப்படியோ போ' என்று அர்த்தம். 'இன்னும் கொஞ்சம் வேண்டுமா?' என்று கேட்கும்போது ஒருவர் 'ஐ ஆம் ஃபைன்' என்றால், அவர் தன் உடல்நலத்தைச் சொல்லவில்லை, வேண்டாம் என்கிறார். இது புரியாமல் மீண்டும் பரிமாறுகிறவர்கள் உண்டு.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று: முன்னால் 'வெரி' சேர்த்துப் பாருங்கள். 'வெரி ஃபைன் பவுடர்', 'எ வெரி ஃபைன் பெர்ஃபார்மன்ஸ்' இரண்டும் இயல்பாக வரும். 'ஐ ஆம் வெரி ஃபைன்' வராது. 'நலம்', 'பரவாயில்லை' என்ற பொருளில் இந்தச் சொல்லுக்கு ஏற்றத்தாழ்வு கிடையாது.

லத்தீனில் 'ஃபீனிஸ்' என்றால் முடிவு. கடைசிவரை செய்து முடித்தது செப்பமானது. அங்கிருந்துதான் நேர்த்தி, தூய்மை, நுண்மை எல்லாம் கிளைத்தன. தங்கக் கட்டியில் '999 ஃபைன்' என்று பொறித்திருந்தால் ஆயிரத்தில் 999 பங்கு தூய தங்கம். காற்றில் கலந்திருக்கும் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள மாசுத் துகள்களும் 'ஃபைன்'தான். அதில் மெச்ச ஒன்றுமில்லை, அளவு மட்டுமே. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் வரும் 'ஃபைன் பிரின்ட்'டும் அப்படியே. தமிழில் 'நுண்' என்ற ஒரே அடி நுண்மணலுக்கும் நுண்ணறிவுக்கும் பொருந்துவதை நினைத்துப் பாருங்கள். இந்த இரட்டைப் பொருள் அந்நியமாகத் தோன்றாது.

அபராதமும் அதே வேரில் பிறந்ததுதான். வழக்கை முடித்துக்கொள்ளச் செலுத்திய தொகை 'ஃபைன்' ஆயிற்று.

இனி உங்கள் அறிக்கை. ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, திருத்த வேண்டியதில்லை. அடுத்த வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் யாரையாவது பாராட்ட விரும்பினால் 'இட் இஸ் ஃபைன்' என்று எழுதிவிடாதீர்கள். 'எக்ஸலன்ட்' என்றே எழுதுங்கள். எது பிடித்தது என்று ஒரு வரியும் சேருங்கள்.